செல்லையாவின் பிள்ளைகள்

கல்யாணமான நாளிலிருந்து ஆரணிக்குச் சனிக்கிழமை பிடிக்காது. அன்றைக்குத்தான் கணவன் கிருபாகரன் கொட்டாஞ்சேனைக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போவான். காலையில் சவரம் செய்து, நல்ல சேர்ட் ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தைச் சந்தையில் தங்கைக்குப் பிடித்த பழம் ஏதாவது வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். பின்னேரம் திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் ஆரணிக்கு வயிறு எரியும்.

தங்கை சுபாஷினி, தகப்பன் செல்லையா இறந்துபோன அதே வீட்டில் தனியாக இருந்தாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் இறக்கிக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் வேலை. நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு கதை வேறு பக்கம் போய்விடும். அப்படி ஒரு பார்வையைக் கிருபாகரன் தன்னோடு ஒருநாளும் பகிர்ந்ததில்லை என்று ஆரணி நினைத்துக்கொள்வாள். அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது முதலில் அறிந்தவள் சுபா. இந்த மாடி வீட்டை வாங்குமுன் வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தவளும் சுபா. சுபா நல்லவள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் ஆரணிக்கு ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. ஆளில் ஒரு குறை இருந்தால் வெளிப்படையாகக் கோபித்துக்கொள்ளலாம்.

போன வருசக் கடைசியில் கிருபாகரனுடைய சாப்பாடு மாறத் தொடங்கியது. கருவாட்டுக் குழம்பென்றால் உயிரை விடுகிறவன், சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் அதை ஒதுக்கி வைத்தான். ஊறுகாய்ப் போத்தலைத் தொடுவதில்லை. அப்பளம் வேண்டாம். எங்கே போனாலும் கையில் தண்ணீர்ப் போத்தல். உப்புக் கூடிப்போச்சா என்று ஆரணி கேட்டால், இல்லை, நல்லாத்தான் இருக்கு என்பான், ஆனால் சாப்பிடமாட்டான். காலையில் வேலைக்குப் போகுமுன் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கதைப்பான். ஏதோ இலக்கத்தைத் திருப்பிச் சொல்வது மட்டும் கேட்கும். ஆரணி உள்ளே வந்தால் நிறுத்திவிடுவான்.

கொட்டாஞ்சேனைச் சமையல்தான் அவன் நாக்கைக் கெடுத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். வேண்டுமென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கி, முருங்கையிலை போட்டு, அவன் தாயே தோற்றுப்போகும் விதத்தில் குழம்பு வைத்தாள். அவன் ஒரே ஒரு காலை உடைத்துச் சூப்பிவிட்டுக் கையைக் கழுவினான். மகள் யதுஷா தகப்பனைப் பார்த்தாள்; தகப்பன் மகளைப் பார்த்தான். சுபாவுக்கும் அவனுக்கும் இடையில் ஓடுகிற அதே பார்வை. பதினான்கு வயதுப் பிள்ளையும் அந்தப் பக்கம் போய்விட்டதோ என்று ஆரணிக்குத் திக்கென்றது.

கீழ் மாடியில் இருக்கும் நஸீறாதான் அடுத்த செய்தியைக் கொண்டுவந்தாள். புதன்கிழமை தன் உம்மாவை மருந்துக்குக் கூட்டிக்கொண்டு பொரளைக்குப் போயிருந்தாளாம். அங்கே ஸ்கான் எடுக்கிற இடத்தில் கிருபாகரன் உட்கார்ந்திருந்தானாம். பக்கத்தில் அவனுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பிளை. மூக்கைப் பார்த்ததும் கூடப்பிறந்தவள் என்று விளங்கிவிட்டது என்றாள். யாருக்குச் சுகமில்லை என்று நல்ல மனதோடுதான் கேட்டாள்.

"ஓம், சுபாவுக்குக் கொஞ்சம் ஏலாது" என்று ஆரணி சட்டென்று சொன்னாள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது, புதன்கிழமை எங்கே போனீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். வேலைக்குத்தான், வேறெங்கே என்றான் கிருபாகரன். அவன் பொய் சொல்லிப் பழகாதவன். காது சிவந்துபோனது.

அந்தச் சனிக்கிழமை யதுஷாவும் தகப்பனோடு போவதாகச் சொன்னாள். சில மாதங்களாக அவள் அடிக்கடி அப்படிப் போய்வந்தாள். மாமி சுபாவிடம் கணக்குப் படிக்கிறாள் என்று ஆரணி நம்பியிருந்தாள். இருவரும் போய்ச் சிறிது நேரம் கழித்து அவளும் ஒரு த்ரீவீலரை மறித்து ஏறினாள். வழி முழுக்க என்ன சொல்லி உள்ளே நுழைவது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெக்கைக்குக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் இருந்தார்கள். கிருபாகரன் கையை நீட்டி வைத்திருந்தான். சுபா அவன் புயத்தில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோயிலில் தீபம் காட்டும்போது நிற்பதுபோல் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலக்கம் வந்தது. சுபா தலையை ஆட்டினாள். பட்டியைக் கழற்றியதும், அடுத்த முறை தனது என்பதுபோல், யதுஷா தன் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

வாசலில் தாயைக் கண்டதும் பிள்ளை சுருட்டிய கையை இறக்கிவிட்டாள்.

சுபாதான் சொன்னாள். கிருபாகரன் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். செல்லையாவுக்கு வந்தது சீனி வருத்தம் இல்லை. கல்யாணம் பேசியபோது பெரியவர்கள் நீரிழிவு என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கும் உண்மை சரியாகத் தெரியாது. இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் முளைத்து, வருசக்கணக்காகப் பெருத்து, கடைசியில் கிட்னியை வேலை செய்ய விடாமல் பண்ணுகிற வருத்தம் அது. தாயிலோ தகப்பனிலோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாம். சுபாவுக்கு இளவயதிலேயே பிரஷர் இருந்தது. விலாவுக்குப் பின்னால் ஒரு இழுப்பு. ஒருமுறை சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போனது. அதற்குப் பிறகுதான் ஸ்கான் எடுத்தாள். அண்ணனுக்கு அப்போதே சொன்னாள். அவன் பயத்தில் போகாமல் வருசங்களைக் கடத்தினான். போன வருசம் தலையிடி தாங்காமல் போனான். அவனுக்கும் இருந்தது. இரத்தச் சோதனை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குக் கால் வீங்கிய பிறகுதான் கிட்னி பழுது என்றே தெரிய வந்தது. இவர்களுக்கு முன்னமே தெரிந்துவிட்டது. பிரஷரை ஏறவிடாமல், உப்பைக் குறைத்து, தண்ணீர் குடித்து வந்தால் அந்த நாளைத் தள்ளிப்போடலாம். காலையில் பல்கனியில் அவன் திருப்பிச் சொன்னது சுபாவின் அன்றைய பிரஷர் இலக்கம்.

இவ்வளவையும் கேட்ட ஒருத்தி கணவனுக்காக அழுதிருக்க வேண்டும். அதைத்தான் மூவரும் எதிர்பார்த்தார்கள். ஆரணி அழவில்லை.

"என்ர பிள்ளைக்கு இதை ஆர் சொன்னது?" என்றாள்.

யதுஷா மெல்லிய குரலில், தானே கேட்டதாகச் சொன்னாள். மாமி வீட்டில் மெசினைக் கண்டு கேட்டாளாம். அம்மாவுக்கு அப்பா சொல்லுவார், அதுவரைக்கும் சொல்லாதே என்று மாமி சொன்னாளாம்.

ஆரணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து த்ரீவீலரில் ஏறினாள். கிருபாகரன் ஓடிவந்து முன்சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொள்ளப் பார்க்க, சாரதி சிங்களத்தில் ஏசி அவனைப் பின்னால் ஏற வைத்தான். வெள்ளவத்தைக்குத் திரும்பும் காலி வீதியில் போகும்போதுதான் அவன் வாய் திறந்தான்.

"அங்க போனா நான் வருத்தக்காரன். இங்க வந்தா அப்பிடி இல்லை. நீர் என்னோட சண்டை பிடிப்பீர், நண்டு வைப்பீர், அரிசி வாங்கச் சொல்லுவீர். ஒரு இடத்திலயாவது சும்மா மனுசனா இருப்பம் எண்டு நினைச்சன், ஆரணி."

வேறொரு நாளில் அந்தச் சொல் அவளை உருக்கியிருக்கும். அன்று அவளுக்கு ஒன்றுதான் கேட்டது: உண்மையான மனிதன் கொட்டாஞ்சேனையில் இருந்திருக்கிறான், தனக்குக் கிடைத்தது மிச்சம்.

மறுநாளே அவள் ஒரு பிரஷர் மெசின் வாங்கினாள், சுபாவினுடையதைவிடப் பெரியது. வீட்டில் உப்புப் போத்தலைத் தூக்கி மேல்தட்டில் வைத்தாள். காலையும் மாலையும் கணவனை உட்கார வைத்துக் கட்டிப் பார்த்தாள். இனிக் கொட்டாஞ்சேனைக்குப் போய் இதைப் பார்க்கத் தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றாள். அவன் மறுக்கவில்லை. பொய் சொல்லி அகப்பட்டவன், எதையும் மறுக்கும் உரிமையை இழந்தவன் போல் நடந்துகொண்டான். சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தான். பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான், போன் எடுக்கவில்லை. தான் வென்றுவிட்டதாக ஆரணிக்குத் தோன்றியது. ஆனால் அவனுடைய முகம் தெளியவேயில்லை.

அவன் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த ஒரு பகலில் அவள் மெசினை எடுத்துத் தன் கையிலேயே கட்டிப் பார்த்தாள். நூற்றுப்பத்துக்கு எழுபது. திரும்பவும் பார்த்தாள். அதேதான். இதைவிட நல்ல இலக்கம் யாருக்கும் கிடைக்காது. ஆரணிக்கோ அழுகை வந்தது. அவளுடைய தகப்பன் எண்பது வயதில் இன்னும் சைக்கிள் ஓடுகிறார். தாய்க்கு ஒரு தலையிடிகூட வந்தது கிடையாது. செல்லையாவின் மகனும் மகளும் ஒரே இரத்தம். தன் வயிற்றில் பிறந்த பிள்ளையும் ஒருவேளை அவர்களோடு. அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதபடி தன் உடம்பு தன்னை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைத்தாள். நோய்க்குப் பொறாமைப்படுகிற பைத்தியம் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தாள். நினைத்தும் அது போகவில்லை.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிருபாகரன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மீன் வாங்கப் போயிருந்தான். போன் அடித்தது. திரையில் "சுபா" என்றிருந்தது. ஆரணி அதைக் கையில் எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். கட் பண்ணினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அடித்தது. திரும்பவும் கட் பண்ணினாள். பிறகு அடிக்கவில்லை.

கிருபாகரன் வந்தான். மீனைக் கொடுத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் வெட்டிக் கழுவினாள். சட்டியை அடுப்பில் வைத்தாள். ஆனால் கை ஒரு பக்கமும் மனம் ஒரு பக்கமுமாக இருந்தது. சுபா மானமுள்ளவள், தான் கொட்டாஞ்சேனைக்குப் போய் நின்ற நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட அழைக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஏன் இரண்டு தடவை அழைத்தாள்? அழைத்தவள் ஏன் நிறுத்தினாள்? சமையல் முடிவதற்குள் ஆரணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தன் போனில் சுபாவை அழைத்தாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பல் கிட்டுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. நாலு நாளாகக் காய்ச்சல் என்றாள் சுபா. முதுகுக்குப் பின்னால் கத்தி வைத்ததுபோல் இருக்கிறது, எழும்பிக் கதவு வரைக்கும் போக ஏலாமல் இருக்கிறது என்றாள். காலையில் தாங்க ஏலாமல்தான் எடுத்தேன், இனி அண்ணாவுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துபோவார், நான் சமாளிப்பேன் என்றும் சொன்னாள்.

ஆரணி கூடத்துக்கு வந்தாள்.

"சுபா காலமை இரண்டு தரம் கோல் எடுத்தவ. நான்தான் கட் பண்ணினனான். அவவுக்குச் சரியா ஏலாது. வெளிக்கிடுங்கோ."

கிருபாகரன் அவளைப் பார்த்த பார்வையை அவள் அதற்குமுன் கண்டதில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. அவன் ஏசவில்லை, சேர்ட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். இருவரும் ஒரு த்ரீவீலரில் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். வீட்டுத் திறப்பு ஒன்று அவனிடம் இருந்தது, பூட்டைத் திறந்தான். உள்ளே சுபா நிலத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். ஆரணிதான் அவளைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்பிள்ளை சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் ஆரணி பதில் சொன்னாள். கிருபாகரனுக்குப் பதற்றத்தில் தெரிந்த சிங்களமும் மறந்துபோனது. குடும்பத்தில் யாருக்கு, எத்தனை வயதில், தகப்பன் எப்படி இறந்தார் என்று ஒவ்வொன்றாக. அந்த வீட்டுக் கதையைத் தான் சொல்ல வேண்டியிருந்ததில், அந்த நேரத்திலும், ஆரணிக்கு உள்ளுக்குள் ஒரு சிறிய நிறைவு இருந்தது. கட்டி ஒன்றில் கிருமி பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். மருந்து ஊசி வழியாகப் பல நாள் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்டவர்கள் காய்ச்சலையும் விலா நோவையும் சேர்த்துக் கண்டால் வீட்டில் இருக்கக் கூடாது, அன்றைக்கே வர வேண்டும் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார். ஏன் நாலு நாள் பிந்தியது என்று கேட்டபோது ஆரணி குனிந்து சுபாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

கிருபாகரனுக்கு வேலை. அதனால் நாளாந்தம் உப்பில்லாத கஞ்சியும் சோறும் கட்டிக்கொண்டு வார்ட்டுக்குப் போனவள் ஆரணிதான். முதல் சில நாட்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகப் போனது. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு பகல், சுபா கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு சொன்னாள்:

"கட் பண்ணினது நீங்க எண்டு எனக்கு அப்பவே தெரியும். அண்ணா கட் பண்ண மாட்டார்."

"ஓம்" என்றாள் ஆரணி.

"எனக்கு உங்களில கோவம் இருக்கு அண்ணி. இப்பவும் இருக்கு."

"இருக்கட்டும்."

சுபா மெதுவாகக் கதைக்கத் தொடங்கினாள். தனக்கு இந்த வருத்தம் என்று தெரிந்தது ஆரணி யதுஷாவை வயிற்றில் சுமந்திருந்த நேரம். சுபாவுக்கும் அப்போது ஒரு சம்பந்தம் முற்றாகியிருந்தது. மறைக்க மனமில்லாமல் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர்கள் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியிடம் போய், உன் பிள்ளைக்கும் வரலாம் என்று எப்படிச் சொல்வது? பிறந்த பிறகு சொல்வோம் என்றிருந்தார்கள். பிறந்த பிறகு, கொஞ்சம் வளரட்டும் என்றிருந்தார்கள். அப்படியே பழகிப்போனது.

"யதுஷாவைப் பார்க்க வந்த அண்டைக்கு நீங்க பிள்ளையைத் தூக்கி என்ர கையில தந்தனீங்கள். எனக்கு எரிச்சலில கை நடுங்கினது. எனக்கு வரவே வராத ஒண்டை இவ இப்பிடி லேசாத் தூக்கித் தாறாவே எண்டு. நான் விழுத்திப்போடுவன் எண்டு பயந்து நீங்க பறிச்சு வாங்கிப்போட்டீங்கள்."

அந்த நாள் ஆரணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பயத்தில் வாங்கவில்லை. பிள்ளை சுபாவைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பொறுக்க முடியாமல்தான் வாங்கினாள். அதைச் சொல்ல நினைத்தாள். சொல்லாமலே தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவள் கையில் வைத்தாள். இத்தனை வருசம் தன்னை ஒருத்தி பொறாமையோடு பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. உள்ளபடி சொன்னால், கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

சுபா வீட்டுக்கு வந்த பிறகு கிருபாகரன் பழையபடி சனிக்கிழமைகளில் போனான். ஆரணி தடுக்கவில்லை. சில சனிக்கிழமைகளில் தானும் போனாள். சிலவற்றில் போக மனம் வரவில்லை. கிருபாகரன் அந்த இரண்டு தடவை கட் பண்ணியதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் போனை இப்போது சட்டைப் பையை விட்டு எடுப்பதில்லை. அதை அவள் கவனித்தாள்.

பள்ளி விடுமுறை வந்ததும் யதுஷாவை டாக்டரிடம் காட்டுவதென்று முடிவானது. பொரளையில் தனியார் இடம். நால்வருமாகப் போனார்கள். இலக்கத்தைக் கூப்பிட்ட தாதி, பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் வரலாம், உள்ளே இடமில்லை என்றாள். ஆரணி எழுந்துவிட்டாள். எழுந்தபின்தான் மகளின் முகத்தைப் பார்த்தாள். யதுஷாவின் கண் தாயிடம் வந்து, மாமியிடம் போய், திரும்பத் தாயிடமே வந்து நின்றது. கேட்கத் தெரியாமல் தவித்தது.

நான்தான் பெற்றவள் என்று ஆரணிக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது.

"சுபா, நீர் போம்" என்றாள். "டாக்டர் சொல்லுறது உமக்குத்தான் விளங்கும். பிள்ளைக்கு என்ன கேக்க வேணுமெண்டும் உமக்குத் தெரியும்."

சுபா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு யதுஷாவின் தோளைப் பிடித்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஆரணி திரும்பவும் கதிரையில் இருந்தாள். பக்கத்தில் கிருபாகரன், என்ன நினைத்தானோ, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை என்ன சொல்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், யாருடைய கையைப் பிடித்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக எரிந்தது.

நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். பிரஷர் சரி. சிறுநீரில் ஒரு குற்றமும் இல்லை. வருசத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்தால் இப்போதைக்குப் போதும் என்றாராம் டாக்டர். ஸ்கான் எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று அறிவது அவசரமில்லை. பிள்ளையும் விரும்பும்போது எடுக்கலாம் என்றாராம். யதுஷா யோசித்து, ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த பிறகு என்று சொல்லியிருக்கிறாள். தானே தீர்மானித்தாள் என்று சுபா சொன்னபோது அவள் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமை தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று ஆரணி நினைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்படி சுபாவை அவளே கூப்பிட்டாள். வெள்ளவத்தை பஸ்ஸில் கூட்டம். கிடைத்த ஒரு சீட்டில் மாமியும் மருமகளும் இருந்தார்கள். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் யதுஷா சுபாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கைக்குழந்தையாய் இருந்தபோது போலவே. கம்பியைப் பிடித்தபடி நின்ற ஆரணி அதைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, பஸ் பிரேக் போடும்போது பிள்ளையின் தலை முன்சீட்டில் அடிபடாமல் தன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.